வளைத்தால் நிற்காத கம்பி

கம்பிகள் பதினாறும் மணலில் கிடந்தன.

அவற்றை உள்ளே வைக்காமலே நேற்று மதியம் வார்த்த தூண்கள் நான்கும் பலகை பிரித்து நின்றன.

எனக்குப் பேச்சு ஏச்சாகத்தான் வந்தது.

அவை சாதாரணக் கம்பிகள் இல்லை. தூணின் அடியில் வைக்க வேண்டியவை. பூமி குலுங்கினால் தூணோடு சேர்ந்து வளையும். குலுக்கம் நின்றதும் தானே நிமிர்ந்து, தூணையும் இழுத்து நிமிர்த்தும். இனயம் கடற்கரையில் கட்டும் இந்தப் பாலர் பள்ளிக்கு நான்தான் இன்ஜினியர். இதற்காக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன்.

அதற்கு முன் ஊர்க் கமிட்டியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டு. நம்ம ஊரில் எங்கே பூமி குலுங்குகிறது என்றார்கள். கடல் வீட்டுக்குள் வரும் என்று மட்டும் எவன் நினைத்தான், வந்து வாரிக்கொண்டு போகவில்லையா என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்கள்.

ஜூனில் முப்பத்தெட்டுக் குழந்தைகள் இங்கே வந்து உட்காரும். அவர்களைக் காக்க வந்த கம்பி வெயிலில் கிடக்கிறது. ஒரு நாய் அதன்மேல் காலைத் தூக்கிவிட்டுப் போகிறது.

கம்பி கட்டும் ரத்தினம் அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார். முப்பது வருட வேலைக்காரர். அந்த மரியாதையெல்லாம் என் வாயில் நிற்கவில்லை.

“என்ன வேலை பாத்து வச்சிருக்கீரு? ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?”

வேலையாட்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். நான்கு தூணையும் உடைத்துப் போடச் சொன்னேன். இனி இந்தப் பக்கமே வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

புதுக் கம்பி எது வந்தாலும் முதலில் ஒன்றை வளைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். வளைத்தபடி நின்றால்தான் அவருக்கு அது நல்ல கம்பி.

“வளச்சா நிக்கல மேடம், திரும்பத் திரும்ப நிமிந்துட்டு வந்துது. கெட்ட கம்பிய நம்பிப் பிள்ளியள எப்பிடி உள்ள இருத்துவேன்?”

அதைத்தான் என்னிடம் கேட்டிருக்கலாமே என்று மறுபடியும் பாய்ந்தேன்.

அவர் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

என் பெயர் மூன்று தடவை இருந்தது. நேற்றுக் காலை பதினொன்று ஐந்து. பதினொன்று எட்டு. பதினொன்று இருபது.

மூன்று தடவையும் எடுக்காமல் துண்டித்தது நான்தான். பாவி.

அந்த நேரம் நாகர்கோவிலில் ஒரு மேடையில் நின்று, இந்தக் கம்பியை வளைத்தால் ஏன் தானே நிமிர்கிறது என்று இருநூறு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.