யாருடன் வந்தீர்கள்

ஞாயிறு மாலை சமுதாயக் கூடத்தில் நாட்டுப்பாடல் கச்சேரி. எல்லா வயதினரும் வரலாம் என்று போட்டிருந்ததால் மங்கையர்க்கரசி தன் தம்பி இளம்பரிதியையும் கூட்டி வந்திருந்தாள். முப்பத்திரண்டு வயதிலும் குழந்தை மனம் அவனுக்கு. கிதாரோடு ஒரு பெண் பாடத் தொடங்கியதும் அவனும் உரக்கப் பாடினான். சுருதியும் இல்லை, சொல்லும் இல்லை, வெறும் குரல். முன்வரிசையிலிருந்து மங்கையர்க்கரசியின் அலுவலகத்துப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "தண்ணி குடிச்சிட்டு வரேன்டா" என்று எழுந்துபோனவள் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டு முடிந்ததும் பாடகி மேடையிலிருந்து இறங்கி வந்து அவனிடம் மைக்கை நீட்டினாள். "எவ்ளோ சந்தோஷமா பாடுறீங்க! யாரு கூட வந்தீங்க?"

அவன் எழுந்து கூடம் முழுக்கத் தேடினான். அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையைப் பாதி உயர்த்திவிட்டான். அவள் சட்டென்று கைப்பேசியை எடுத்துக் குனிந்துகொண்டாள்.

அவன் கையை மெல்ல இறக்கினான்.

"தனியாத்தான் வந்தேன்" என்றான் மைக்கில்.

ஒரு தெருவைக்கூடத் தனியாகக் கடந்தறியாதவன். கூடமே கைதட்டியது. காதுமடல் எரிய, தலை நிமிராமல், அவளும் தட்டினாள்.