திடமான நிதி

"கிளாக்கர் ஐயா, விதவைகள் பென்சன் நிதி முறிஞ்சு போச்சாமே, மெய்யோ?"

கேட்டபடியே கமலேஸ்வரி கதிரையில் உட்கார்ந்தாள். 1942. யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டுவிட்டுப் போய் ஒரு மாதம். துறைமுகக் கந்தோரின் சன்னல் கண்ணாடிகளில் இன்னும் கடதாசிப் பட்டி ஒட்டியிருந்தது. பாதிச் சனம் ஊரை விட்டுப் போய்விட்டது. மீதிச் சனத்திடம் கதைக்கு மட்டும் குறைவில்லை.

"ஆர் சொன்னது?" என்று நிமிர்ந்தார் கிளாக்கர் சோமசேகரம்.

"சந்தையிலை எல்லாரும் கதைக்கினம். சண்டைச் செலவிலை எல்லாம் கரைஞ்சு போச்சாம்."

"விசர்க் கதை! கலியாணம் கட்டாத என்ரை சம்பளத்திலையும் மாதா மாதம் அந்த நிதிக்கு வெட்டுறாங்கள். என்னைப்போலை எத்தனை பேர்! கட்டுற ஆக்கள் கூட, வாங்குற ஆக்கள் குறைவு. கோணேசர் மலை அசைஞ்சாலும் அது அசையாது."

சோமசேகரத்துக்கு நாற்பத்தொரு வயது. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. அரசாங்கச் சம்பளம் வேறு. அப்படியும் அவருடைய கோட்டு முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. குடையில் இரண்டு கம்பிகளைக் காணவில்லை. கந்தோரில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர். "காசையெல்லாம் எங்கை புதைக்கிறீர்?" என்று பக்கத்து மேசைச் சரீப் கேட்காத நாள் இல்லை.

அவர் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். 'நான் உயிரோடு இருக்கிறேன். மறுமணம் செய்யவில்லை.' பென்சன் வாங்கும் விதவைகள் எல்லோரும் மாதா மாதம் வந்து இதில் கையெழுத்துப் போட வேண்டும். கமலேஸ்வரி ஐந்து வருடமாகப் போடுகிறாள். அவள் வரும் ஒரு நாளுக்காக மாதத்தின் மற்ற நாளெல்லாம் ஏங்கிக் கிடப்பார் சோமசேகரம். வந்ததும், மறுமணம் செய்யவில்லை என்று அவளிடம் எழுதி வாங்குவதுதான் அவருடைய முதல் வேலை. இந்தக் கொடுமை வேறு எவருக்கும் வாய்த்திராது.

போன வருடம் ஒரு நாள் துணிந்து கேட்டும் விட்டார்.

"விருப்பமில்லை எண்டு பொய் சொல்ல ஏலாது" என்றாள் அவள். "ஆனா நான் கட்டினா பென்சன் நிண்டு போகும். என்ரை மனுசன் குலசிங்கம் துறைமுகப் படகோட்டப் போய்க் கடலிலை செத்தவர். பிள்ளைக்கெண்டு அவர் விட்டிட்டுப் போனது இது ஒண்டுதான். அதை நிப்பாட்ட எனக்கு என்ன உரிமை இருக்கு?"

அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை.

இன்று அவள் விடாமல் கேட்டாள். "அப்ப நிதிக்கு ஒண்டும் நடக்காதோ?"

"நடக்காது."

"சண்டை இன்னும் நாலைஞ்சு வருசம் இழுத்தாலும்?"

"உங்கடை பேரப்பிள்ளையள் காலத்திலையும் இருக்கும்."

நல்ல செய்தி கேட்டவளின் முகம் ஏன் வாடியது என்று அவருக்கு விளங்கவில்லை.

"நாளைக்கு மகளோடை கிளிவெட்டிக்குப் போறன். அண்ணர் வண்டி அனுப்புறார்" என்றாள். "இனி எப்ப வருவனோ தெரியாது. காசை அங்கை அனுப்பி விடுங்கோ."

"ஓம், அனுப்பி விடுறன்" என்று பதினெட்டு ரூபாவை எண்ணி மேசையில் வைத்தார் சோமசேகரம்.

அவள் அதைத் தொடவில்லை. பேனையைப் பிடித்த கை படிவத்தின் மேலேயே நின்றது. ஒரு துளிக் கண்ணீர் விழுந்து கடதாசி நனைந்தது.

"ஏன் அழுறீங்கள்? நிதிதான் திடமா இருக்கெண்டு சொல்லுறனே!"

"அதுக்குத்தான் அழுறன்." அவள் நிமிரவில்லை. "நிதி முறிஞ்சு போச்சு எண்ட கதை மெய்யா இருக்க வேணும் எண்டு பத்திரகாளிக்கு நேர்த்தி வைச்சிட்டு வந்தனான். அது தானா நிண்டு போனா என்னிலை பிழை இல்லைத்தானே? அப்ப உங்களுக்கு ஓம் எண்டு சொல்லலாம்."

சோமசேகரம் மேசை லாச்சியை இழுத்து, அடியில் கை விட்டு ஓர் ஆங்கிலக் கடிதத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"பொறுங்கோ… இதை நான் கவனிக்கேல்லை. படகுக்காரருக்கு நிதி வேறையாம். அது முறிஞ்சுதான் போச்சு. இனி ஒரு சதமும் வராது."

"மெய்யாவோ?"

"கொழும்புக் கடிதம். சீல் கிடக்கு, பாருங்கோ."

கமலேஸ்வரிக்கு ஆங்கிலம் தெரியாது. சீலைத் தொட்டுப் பார்த்தாள். கையெழுத்துப் போடாத படிவத்தை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப… நாளைக்கு வண்டி வேண்டாம் எண்டு அண்ணருக்குச் சொல்லி அனுப்பவோ?"

"அனுப்புங்கோ" என்றார் அவர்.

அவள் படியிறங்கிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, சோமசேகரம் அந்தப் பதினெட்டு ரூபாவை எடுத்துத் திரும்பவும் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவளுடைய ஐந்து வருடத்துப் படிவங்கள், ஒன்றுகூடக் கொழும்புக்குப் போகாமல், லாச்சிக்குள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றின் மேல் வைத்த கடிதத்தின் திகதி 1937. 'குலசிங்கம் நாட்கூலிப் படகோட்டி. அவர் மனைவிக்கு எந்தப் பென்சனும் கிடையாது' என்ற ஒரே ஒரு வரிதான் அதில் இருந்தது.