பாலிகஞ்ச் பரோபகாரிகள்

சாவியைத் திருகினார் நாகசாமி. கார் 'டிக்' என்றதோடு சரி.

"ஆறு மாசமா தெருவில தூங்கறது. இன்னிக்குக் கிளம்பலேன்னா காயலான் கடைதான்!" பால்கனியிலிருந்து மனைவி பத்மஜா கத்தினாள்.

நாகசாமி மறுபடி சாவியைத் திருகினார். அவர் ஆசையாக வாங்கிய முதல் கார் அது.

அப்போதுதான் எதிரிலிருந்த இளைஞர் கிளப்பிலிருந்து தபன் ஒரு படையோடு வந்தான். "கிளம்பலையா, தாதா? நாங்க எதுக்கு இருக்கோம்?" அந்த ஊரில் எல்லா அண்ணாக்களும் 'தாதா'தான்.

ஒருவன் பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினான். இன்னொருவன் வேறு காரிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தான். தபன் டயர்களுக்குக் காற்றடித்தான். டீகூட வேண்டாம் என்றுவிட்டான்.

கடைசியில் கார் இருமி, புகை கக்கி, உறுமியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"பாத்தியா பத்மஜா, இதுதான் பெங்காலி மனசு!" நாகசாமிக்குக் கண் கலங்கியது.

"பௌதியையும் ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போங்க, தாதா. பேட்டரி சார்ஜ் ஏறணும். நடுவில அணைச்சா மறுபடி கிளம்பாது" என்று அண்ணி பத்மஜாவையும் கீழே வரவழைத்து வழியனுப்பினான் தபன்.

ஏரி வரை போய்த் திரும்பினார்கள். கார் நின்றிருந்த இடத்தில் மூங்கில்கள் வரிசையாக முளைத்திருந்தன. ஒன்றின் உச்சியில் தபன்.

"துர்கா பூஜைப் பந்தல், தாதா! உங்க வண்டி ஒண்ணுதான் குறுக்கே நின்னுது. தீபாவளிக் காளி பூஜையும் முடிஞ்சதும் கொண்டு வாங்க!"

நாகசாமி திகைத்துப்போய்ச் சாவியில் கை வைத்தார்.

"அணைச்சுடாதேள்!" அலறினாள் பத்மஜா. "இனிமே கிளப்பி விடறதுக்கு ஒருத்தனும் வரமாட்டான்!"