பங்களாக்காரரின் கால்

"வலிக்காத புண்ணுக்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானாம்மா?"

சோபாவில் சாய்ந்திருந்த மாமனார் இடது காலை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலின் அடியில், செருப்பு கடித்த இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புண். மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது.

"வலிக்கலைங்கறதுதான் மாமா பயமா இருக்கு," என்றாள் மருமகள், மடியிலிருந்த கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து. "சர்க்கரை ஏறினா கால் நரம்பு மரத்துப்போயிடும். புண் உள்ளே போனாலும் தெரியாது. விட்டா காலையே எடுக்கிற மாதிரி ஆயிடும்."

"எனக்குச் சர்க்கரையா? டீக்கே ஒரு ஸ்பூன்தான் போடறேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை டீ மாமா?"

"அது வேற கணக்கு."

மகனும் சொல்லிப் பார்த்தான். "நீ முதல்ல உன் தொப்பையைப் பாருடா" என்று பதில் வந்தது. ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆளை வரவழைத்தார்கள். மாமனார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வந்தவர் போய்விட்டதை ஜன்னல் வழியாக உறுதி செய்துகொண்ட பிறகுதான் வெளியே வந்தார்.

"இவரை எப்படித்தான் கிளப்பறது?" என்று மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவன் மனைவிக்கும் வழி தெரியவில்லை. மறுபடி கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தாள். வீட்டிலிருந்தே அவள் செய்யும் வேலையை, 'ஏதோ டைப் அடிக்கிற வேலை' என்று மாமனார் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்.

டிவியில் மருத்துவமனைத் தொடர் ஆரம்பித்தால் மட்டும் அவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு எபிசோடையும் விட்டதில்லை. ரசிப்பதே திட்டுவதற்காகத்தான். ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

"அங்க பாரும்மா, டிரிப் பாட்டிலைப் பேஷன்ட்டோட கைக்குக் கீழே மாட்டியிருக்கான். மருந்து மேல ஏறுமா? இவனோட ரத்தம்தான் பாட்டிலுக்குள்ள இறங்கும்!"

"ஆமாம் மாமா."

"மானிட்டர்ல நேர்கோடு ஓடுது, இவன் ஷாக் குடுக்கறான். யூடியூப் பார்த்தாலே தெரியும்மா. தாறுமாறாத் துடிக்கிற இதயத்தை ஒரு நிமிஷம் அடக்கி, ஒழுங்கா ஆரம்பிக்க வைக்கத்தான் ஷாக்கு. கன்னாபின்னான்னு ஓடற லிஃப்ட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாம். நின்னே போனதை ஆஃப் பண்ணி என்னத்துக்கு? இந்தக் கதை எழுதறவன் ஒரு ஆஸ்பத்திரி வாசலையாவது மிதிச்சிருப்பானா? அவன் கையில பேனாவைக் குடுத்தவனை முதல்ல உதைக்கணும்!"

மருமகளின் விரல்கள் ஏனோ கொஞ்சம் வேகமாகத் தட்டின.

அடுத்த வாரம் கதைக்குள் புதிதாக ஒரு பங்களாக்காரர் வந்தார். காலில் புண். "வலியே இல்ல, எதுக்கு வைத்தியம்?" என்று மீசையை முறுக்கினார்.

"ஆம்பளைன்னா இவன்!" மாமனார் கைதட்டினார். "இந்த சீரியல்லயே விவரமான ஆள் இவன் ஒருத்தன்தான்."

மறுநாள் எபிசோடில் புண் கறுத்துப்போனது. பங்களாக்காரரின் மனைவி அழுதாள். பெரிய டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்:

"லிஃப்ட்ல ஆள் அதிகமா ஏறினா மணி அடிக்கும். மணிக்குப் போற ஒயர் அறுந்திருந்தா அடிக்காது. அடிக்கலைங்கறதால பாரம் குறைஞ்சுபோச்சுன்னு அர்த்தமா? வலியும் அந்த மணி மாதிரிதான். உங்க கால்ல ஒயர் அறுந்திருக்கு."

மாமனார் வாயைப் பிளந்தார். "அடேயப்பா! கதை எழுதறவனுக்கு மூளை முளைச்சிடுச்சே! யாரோ தொழில் தெரிஞ்சவன் சொல்லிக் குடுத்திருக்கான்!"

சொல்லிவிட்டு, தன் இடது காலை மெதுவாக சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பங்களாக்காரரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். டாக்டர் கையை நீட்டினார். நர்ஸ் எதையோ எடுத்துக் கொடுத்தாள். அது பளபளத்தது. 'தொடரும்' என்று வந்துவிட்டது.

"அடப்பாவி! முன்னாடியே போய்த் தொலைச்சிருக்கலாம்ல? வீம்பு பிடிச்ச கழுதை!"

டிவியைப் பார்த்துக் கத்திய மாமனார், ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "டாக்சி கூப்பிடும்மா. சும்மா காட்டிட்டு வந்துடலாம். எனக்கு ஒண்ணும் பயம் இல்ல."

சர்க்கரை எகிறிக் கிடந்தது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்ட டாக்டர், "எலும்பு வரைக்கும் போகலை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கால் தப்பிச்சிருக்காது," என்றார்.

கட்டிலில் படுத்திருந்த மாமனார் அண்ணாந்து பார்த்தார். "இங்க பாட்டிலை மேலதான் மாட்டியிருக்காங்க. விவரமான ஆஸ்பத்திரிதான்." பிறகு குரல் இறங்கியது. "நான் தப்பிச்சேன். பாவம்மா அந்தப் பங்களாக்காரன். திங்கட்கிழமை அவன் கால் போயிடும்."

"போகாது மாமா. தூங்குங்க."

மருமகள் வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள்.

"டைரக்டர் சார், அந்த டிரிப் பாட்டிலை இனிமேலாவது உயரத்துல மாட்டச் சொல்லுங்க, வீட்ல என் மானம் போகுது. அப்புறம், பங்களாக்காரரோட காலை எடுக்க வேண்டாம், திங்கட்கிழமை சீனை மாத்தி எழுதி அனுப்பறேன். எங்க மாமா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டார்."