வாசலை நகர்த்தியவர்கள்

கடப்பாரையின் முதல் குத்திலேயே ஒரு செங்கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது. அவசரத்தில் கட்டிய சுவர். தண்ணீர் விட்டு நனைக்கக்கூட இல்லை.

போன மாதம் வரை அந்த இடத்தில்தான் பள்ளிக்கூட வாசல் இருந்தது.

பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்பது சட்டம். சுற்றுச்சுவரிலிருந்து அளக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வாசலிலிருந்து அளந்தால் போதும் என்றார் பேரூராட்சி சேர்மன். ஆய்வுக்கு வந்த அதிகாரி தலையாட்டினார். இருவருக்கும் நடுவில் சிகரெட் கம்பெனியின் ஏரியா மேனேஜர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு எதிரே வரிசையாகப் பெட்டிக்கடைகள். கம்பெனிக்கு நல்ல ஓட்டம் உள்ள இடம்.

கடைகளை நகர்த்தவில்லை. வாசலை நகர்த்திவிட்டார்கள்.

புது வாசல் பின்பக்கம், கம்பம் ரோட்டில் திறந்தது. செலவு முழுக்கக் கம்பெனியுடையது. ரிப்பன் வெட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கேசரி கொடுத்தார்கள்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் காலையில் குமுளிக்குப் பறக்கிற ரோடு அது. நேற்று ஒரு ஜீப் தட்டி, இரண்டாம் வகுப்பு ஷெரினுக்குக் கால் முறிந்தது.

இன்று காலை அழகர் கடப்பாரையோடு வந்து நின்றார். அந்தப் பள்ளியில் படிக்க அவருக்குப் பிள்ளை கிடையாது.

"கேஸாயிரும்ண்ணே, வேணாம்" என்றார் தலைமையாசிரியை ஞானசெல்வி.

சொன்னாரே தவிர, தடுக்கவில்லை. பிள்ளைகள் மேல் கல் விழாமல் அவர்களைத் தள்ளி நிறுத்தினார்.

ஆள் நுழையும் அளவுக்குச் சுவர் திறந்தபோது, சேர்மனின் ஆள் வேல்பாண்டி பைக்கில் வந்து இறங்கினான். ஓட்டையை மறித்து நின்றுகொண்டு போலீசுக்குப் போன் போட்டான். பேசி முடித்ததும் கத்தினான்.

"யோவ் அழகரு, கிறுக்குப் பிடிச்சிருச்சா? ஒங் கடையக் காப்பாத்தத்தானய்யா இந்தச் செவரயே வச்சாக! நாளைக்கு மொதல்ல ஒன் கடையத்தான் தூக்குவாக!"

எதிர்வரிசையில் மற்ற கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ரோட்டைத் தாண்டி வரவில்லை.

அழகர் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார்.

"காப்பாத்தச் சொல்லி நான் கேட்டனா? தள்ளு. பிள்ளைக உள்ள போகட்டும்."