கால் பாட்டில் ச

ஒரு மணி அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது எம்மெட் மூன்றாவது மாடி ஜன்னலைத் தூக்கிவிட்டு, ரூட் பியர் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

கால் பாட்டில். பேனாக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ச சரியாக இருக்கிறது.

ஒஹையோவில் அதற்கு வேறு பெயர். நாம் ச என்றே வைத்துக்கொள்வோம், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கொரோனா வந்த மாணவர்களை அடைத்து வைக்கக் கல்லூரி இந்தப் பழைய விடுதியை ஒதுக்கியிருந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் ஜன்னல்கள். ஆளுக்கொரு அறை, வாசலில் வேளாவேளைக்குச் சாப்பாட்டுப் பை, பழைய மாணவர் சங்கம் அன்போடு அனுப்பிய ஒரே ஒரு ரூட் பியர். பெயரில்தான் பியர். குடித்தால் போதை வராது, இருமல் மருந்து ஞாபகம்தான் வரும்.

முதல் சனிக்கிழமை, பொழுது போகாமல் எம்மெட் பாட்டில் வாயில் ஊதினான். எதிர்ப்பக்கத்திலிருந்து டார்னெல் பதிலுக்கு ஊதினான். அது ப.

அதற்கப்புறம் யாராலும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆறு ஜன்னல், ஆறு ஸ்வரம். கல்லூரிப் பாட்டுக்கு அவ்வளவு போதும். அதற்கு மெட்டுப் போட்டவர் சிக்கனக்காரர். அந்த வருடம் கால்பந்து ஆட்டங்கள் எல்லாம் ரத்து. ஆனால் ஆட்டம் தொடங்கும் நேரமான சனிக்கிழமை ஒரு மணிக்கு அந்தப் பாட்டு ஒலித்தே ஆக வேண்டும்.

அந்த முதல் சனிக்கிழமை இரண்டாவது வரியிலேயே ரி இறங்கிவிட்டது. ரிக்குச் சொந்தக்காரன் விக்கல் எடுத்து இரண்டு மடக்கு குடித்திருந்தான்.

நான்காவது மாடி மரிசோல் தலையை வெளியே நீட்டினாள். "கோடு போட்டு வைங்க எல்லாரும்! குடிச்சா குழாய்த் தண்ணிய ஊத்திக் கோட்டுக்குக் கொண்டாந்துடணும். இனிமே எவனாச்சும் ஸ்வரத்தைக் குடிச்சான், நேரா ரூமுக்கே வந்து மூஞ்சில இருமிடுவேன்!"

எல்லோருக்கும் ஏற்கெனவே கொரோனா என்பதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் பாட்டிலுக்குள் முக்கால்வாசி குழாய்த் தண்ணீர். ருசி போன கூட்டம். ஒருவருக்கும் குறை தெரியவில்லை.

இரண்டாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் ம குணமாகிவிட்டது. பெட்டியை உருட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்த அந்தப் பையனை யாரும் வாழ்த்தவில்லை.

"துரோகி!" என்று கத்தினான் டார்னெல். "ஒரு நாள் பொறுத்துக் குணமானா கொறஞ்சா போயிடுவ?"

மறுநாள் பாட்டு, முன்பல் விழுந்தவன் சிரித்த மாதிரி இருந்தது. ருசி வந்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்க வைத்திருந்த மிளகாய் சாஸ் பாட்டிலைக் கழுவி, மரிசோல் ம ஆக்கினாள். ஒரு கையில் க, மறு கையில் ம. இனி ஒருவர் குறைந்தாலும் சமாளிக்க முடியாது.

இன்று மூன்றாவது சனிக்கிழமை.

எம்மெட்டின் போனில் வியாழக்கிழமை வந்த கடிதம் இருந்தது. நீங்கள் குணமாகிவிட்டீர்கள், உடனே அறையைக் காலி செய்யவும்.

ருசி இன்னும் வரவில்லை, இரண்டு நாள் கொடுங்கள் என்று பதில் போட்டுவிட்டான். ருசி செவ்வாய்க்கிழமையே வந்திருந்தது. சாப்பாட்டுப் பையிலிருந்த கோழியைக் கடித்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தான்.

கல்லூரி அணிவகுப்பு வாத்தியக் குழுவில் அவன் மூன்று வருடமாக ட்யூபா. கடைசி வரிசை. பெரிய ஆட்டம் என்றால் மாஸ்டர் தோளில் தட்டி, தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், ஊத வேண்டாம் என்பார். கனமான அந்தப் பித்தளையை அவன் மூன்று வருடம் ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறான்.

இந்தப் பாட்டு அவனில் தொடங்கி அவனில் முடிகிறது. அவன் போனால் ச போகும். ச போனால் மிச்சம் வெறும் பாட்டில்.

மரிசோல் கையை உயர்த்தினாள்.

எம்மெட் ஊதினான்.

முதல் வரி போனது. இரண்டாவது வரியில் ரி அசையாமல் நின்றது. மூன்றாவது வரியில் மரிசோலின் தலை டென்னிஸ் பார்ப்பவள்போல் இந்தப் பாட்டிலுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் பறந்தது. த கொடுக்கும் பெண் எம்பி நின்று ஊதினாள். முற்றத்தில் இரண்டு அணில்கள். ஒன்று நின்று கேட்டது. பாதி அரங்கம் அவர்கள் பக்கம்.

கடைசி ச எட்டு எண்ணிக்கை. முதல் சனிக்கிழமை இரண்டிலேயே இருமி விழுந்தவன் எம்மெட்.

ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாவதை அவன் மாஸ்டருக்காக ஊதினான்.

ஐந்து ஜன்னல்களிலிருந்தும் கூச்சல் கிளம்பியது. டார்னெல் தலையணையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். இரண்டு அணில்களும் ஓடிவிட்டன.

"பாட்டு முடிஞ்சுது, இனி ஸ்வரம் எதுக்கு? குடிங்கடா!" என்றான்.

ஐந்து பாட்டில்களும் உயர்ந்தன. எம்மெட் ஒரே மடக்கில் கவிழ்த்தான்.

பாத்திரம் ஊறவைத்த தண்ணீரில் யாரோ சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. முகம் தானாகக் கோணியது. யாராவது பார்த்திருந்தால் தீர்ந்தது. அவசரமாக முகத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தான்.

எதிரே டார்னெல் கண்ணை இறுக மூடி, நாக்கை வெளியே தொங்கவிட்டிருந்தான்.

ரி துப்பிக்கொண்டிருந்தான். த சட்டைக் கையால் நாக்கையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே, கோணிய வாயோடு மரிசோல் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"டார்னெல்," என்றாள். "ருசி ஒனக்கு எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழம," என்றான் டார்னெல், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு. "ஒனக்கு?"

மரிசோல் உள்ளே குனிந்து, கட்டி வைத்திருந்த பெட்டியை இரண்டு கையாலும் ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டினாள்.