விரதம் தேடிப் போன சேவல்

புரட்டாசி முழுக்கச் செங்கொண்டைச் சேவலுக்கு ஒரே கொண்டாட்டம். பெருமாளுக்கு விரதம் இருந்த அந்த வீட்டில் கவுச்சியே கிடையாது. மாதக் கடைசியில் அம்மியில் கறிக்கு மிளகு அரைபடும் சத்தம் கேட்டதும் அது கூட்டாளி வாத்திடம் ஓடியது.

"அந்தோணி வீட்லயும் விரதம் உண்டே, அங்க போயேன்," என்றது வாத்து.

"அவங்க தவக்காலம் வர மாசி ஆயிடும். அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே!"

சேவல் வேலியைத் தாண்டி, வருஷம் பூராவும் கறி தொடாத ஜைனர் வீட்டுத் தோட்டத்தில் இறங்கியது. அவர்கள் அன்போடு சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டார்கள். தோட்டத்தைச் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்த சேவலுக்கு ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை.

மறுநாள் வேலியோரம் வந்த வாத்து, "ராத்திரி பட்டினியாமே?" என்று பரிதாபப்பட்டது.

"வயிறு காஞ்சா என்ன? கழுத்து இருக்கே!" என்ற சேவல், அந்தக் கழுத்தை நீட்டி ஊருக்கே கேட்கும்படி கூவியது.